நாலு, எட்டு, பதினாறு: இருட்டறை அட்டையின் கதை

இருட்டறையில் புகைப்படம் அச்சிடுகிறவர்களிடம் இருக்கும் கருவிகளிலேயே மலிவானது ஓர் அட்டைத்துண்டு. என்னிடம் இருப்பது மைலோ பெட்டியிலிருந்து வெட்டியது. இதைக் கருவி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என்லார்ஜர் இல்லாமல்கூட அச்சிட்டுவிடலாம், நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்தால் போதும். இந்த அட்டை இல்லாமல் அச்சிடுவது இருட்டில் கல்லெறிகிற வேலை.

இருட்டறைக்குள் போயே இராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நெகட்டிவ் வழியாகத் தாளின்மேல் ஒளி விழுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் தாள் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி. படம் உள்ளே ஒளிந்திருக்கிறது, டெவலப்பரில் போட்ட பிறகுதான் எழுந்து வரும். அப்போது வெளிறியிருந்தால் ஒளி போதவில்லை, கரியாகிவிட்டால் அதிகம். இரண்டுக்கும் பரிகாரம் இல்லை, தாள் குப்பைக்குப் போக வேண்டியதுதான். எத்தனை விநாடி என்பதை நெகட்டிவ் சொல்லாது. அதனால் தாளில் ஒரு கீற்று வெட்டி, அட்டையால் மறைத்து, சில விநாடிக்கு ஒருமுறை அட்டையை நகர்த்தி ஒளி காட்டுவோம். கழுவிப் பார்த்தால் வெளிறியதிலிருந்து கறுப்புவரை படிக்கட்டு மாதிரி ஒரு வரிசை. டெஸ்ட் ஸ்ட்ரிப் என்பது இதுதான். படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்துக்கு முழுத்தாளையும் காட்ட வேண்டும்.

புகைப்படக்கலை தொடங்கியபோது இந்த அட்டை இல்லை. தேவையே இருக்கவில்லை. அன்றைய தாள் கண்ணெதிரிலேயே கறுத்தது.

மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அன்றைக்குப் படங்களை அச்சிட்டது சூரியன். நெகட்டிவையும் தாளையும் ஒரு மரச்சட்டத்தில் சேர்த்து வெயிலில் வைப்பார்கள். சட்டத்தின் முதுகுப்பலகை இரண்டாகப் பிளந்து கீல் போட்டிருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய் ஒரு பாதியைத் திறந்து, தாளின் நுனியைத் தூக்கிப் பார்க்கலாம். மறுபாதி அழுத்திப் பிடித்திருப்பதால் படம் நகராது. போதவில்லையா, மூடித் திரும்பவும் வெயிலில் வை. மொட்டைமாடியில் வடகம் காயவைத்துவிட்டு அடிக்கடி எட்டிப் பார்ப்பது மாதிரி. பின்னால் கழுவும்போது கொஞ்சம் வெளிறும் என்பதால் வேண்டியதைவிட ஒரு பங்கு கறுப்பாக எடுத்துவிடுவார்கள். கடிகாரம் தேவைப்படாத வேலை. அந்த 19 அடியில் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் கல்லின் நிறம் ஒத்துப்போக வேண்டுமென்றால் ஒருவர் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

இந்தக் கண்ணை முதலில் கட்டியது கார்பன் அச்சு. வெள்ளியில் அச்சிட்ட படங்கள் சில ஆண்டுகளில் மஞ்சளாகி மங்கின. இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஜோசப் ஸ்வான், 1864இல், மங்காத படத்துக்கு ஒரு வழி சொன்னார். ஜெலட்டினில் கரிப்பொடியைக் கலந்து தாளில் பூசி, பைக்ரோமேட்டில் தோய்த்து ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் வெந்நீரில் கரைந்து போகும். அருமையான முறை. ஒரே ஒரு சங்கடம்: தாள் தொடக்கத்திலிருந்தே கறுப்பு. ஒளி காட்டிய பிறகும் அதே கறுப்பு. சட்டத்தைத் திறந்து எதைப் பார்ப்பது?

பார்க்க முடியாததை எண்ண வேண்டியிருந்தது. பெர்லினில் வேதியியல் கற்பித்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் செய்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதைச் செய்துவிடலாம். மெல்லிய தாள் கீற்றுகளைப் படிப்படியாக அடுக்கினார். ஓர் ஓரத்தில் ஒரு தாள், அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. ஒவ்வொரு படியிலும் கறுப்பு மையில் ஓர் எண். இதன் அடியில் பைக்ரோமேட் தடவிய வெள்ளைத்தாளை வைத்து, அச்சிடும் சட்டத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தார். வெள்ளைத்தாள் பழுப்பாவது கண்ணுக்குத் தெரியும். நேரம் ஆக ஆகக் கூடுதலான அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு ஒளி இறங்கும், அடுத்தடுத்த எண்கள் தெரியவரும். இந்த நெகட்டிவுக்குப் 12 என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், மேகம் மூடினாலும் வெயில் அடித்தாலும் 12 தெரியும்வரை காத்திருந்தால் போதும். நிமிடம் என்கிற பேச்சே இல்லை. பார்க்க முடியாத தாளுக்குப் பதிலாகப் பார்க்க முடிகிற ஒரு தாள், அவ்வளவுதான்.

ஃபோகலைப் பற்றி இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்கக்கூடிய செய்தி, அவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் ஆசிரியர் என்பது. நவீனப் புகைப்படக்கலைக்கு அமெரிக்காவில் வழி திறந்தவர், தாள் அடுக்கி ஒளி அளந்தவரிடம் படித்திருக்கிறார்.

அடுத்து வந்த வார்னர்கேயின் கருவியில் 25 எண்ணிட்ட சதுரங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அடர்த்தியானது. வெயிலை நம்பாமல், மக்னீசியம் நாடாவை எரித்து ஒளியூட்டிய ஒளிரும் தகட்டைப் பயன்படுத்தினார். 1880இல் வந்த இதை உலர்தகடு செய்த கம்பெனிகள் வேகத்தைக் குறிக்கப் பிடித்துக்கொண்டன. வார்னர்கேயின் உண்மைப் பெயர் வ்வாடிஸ்வாஃப் மவாஹோவ்ஸ்கி. ரஷ்ய ரூபிள் நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சிட்டவர் என்றொரு கதை அவரைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நோட்டைப் போலச் செய்ய சாம்பல்நிறத்தின் படிகளை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், கதையை நம்பத் தோன்றுகிறது. இதை இங்கேயே விட்டுவிடுகிறேன், தனிக் கட்டுரைக்கான ஆள் அவர்.

நம் அட்டையின் கதை உண்மையில் சூடுபிடிப்பது விட்னஸ் என்ற ஊரில்தான். லிவர்பூலுக்கு மேலே மெர்சி ஆற்றங்கரையில், சோடாவும் குளோரினும் காய்ச்சிய தொழிற்சாலைகளின் ஊர். அங்கே காஸ்கெல்-டீக்கன் ஆலையில் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் வேதியியலாளர், சுவிட்சர்லாந்துக்காரர். வீரோ சார்லஸ் டிரிஃபீல்ட் பொறியாளர். டிரிஃபீல்டுக்குப் படம்பிடிக்கும் பைத்தியம் இருந்தது. 1876இல் அதை நண்பருக்கும் தொற்றவைத்தார். ஆலையில் எல்லாவற்றையும் நிறுத்தும் அளந்தும் பழகிய மனிதர், ‘சுமாரா ஒரு நிமிஷம் காட்டு’ என்கிற கலையைக் கண்டு பொறுமை இழந்திருக்க வேண்டும். இருவரும் ஓய்வுநேரத்தில் பத்தாண்டுக்கும் மேல் உழைத்தார்கள். வேண்டிய கருவி எதுவும் கடையில் கிடையாது, தாங்களே செய்துகொண்டார்கள்.

அவர்களுடைய ஒளி ஒரு மெழுகுவத்தி. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தகடு. நடுவில் சுழலும் வட்டத்தகடு. அதில் வெட்டிய திறப்புகள் ஒன்றைவிட அடுத்தது சரியாக இரண்டு மடங்கு அகலம். சக்கரம் சுற்றும்போது தகட்டின் ஒரு பட்டைக்கு ஒரு பங்கு ஒளி, அடுத்த பட்டைக்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு, எட்டு, பதினாறு. இப்படி ஒன்பது படி. கழுவிய பிறகு ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தார்கள். கிடைத்தது ஒரு சாய்ந்த எஸ் வடிவக் கோடு. அடியில் தயங்கி, நடுவில் நேராக ஏறி, உச்சியில் களைத்துப் படுத்துவிடும் கோடு. 1890 மே மாதம் வேதித்தொழில் சங்கத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். பிலிமும் புகைப்படத்தாளும் தயாரித்தவர்கள் எல்லோரும் பிறகு அந்தக் கோட்டைத்தான் வரைந்தார்கள்.

ஃபோகலின் தாள் அடுக்கு ஏன் வேலை செய்கிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. ஒரு தாள் ஒளியைப் பாதியாக்கினால் இரண்டு தாள் அதை ஒன்றுமில்லாமல் ஆக்குவதில்லை. பாதியில் பாதி, அதாவது கால்வாசி. மூன்று தாள் அரைக்கால். தாளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒளி வகுபட்டுக்கொண்டே போகும். ஒளி எவ்வளவு மறைகிறது என்பதன் லாகரிதத்தை அடர்த்தி என்று இருவரும் அழைத்ததற்குக் காரணம் இதுதான்: அடர்த்தியைத் தாள்போல அடுக்கிக் கூட்டலாம்.

கணக்கு இத்துடன் நின்றிருந்தால் இதைப் பொறியாளர்கள் பேசிக்கொள்ளும் விஷயமாக விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோடு ஒரு கலைஞரை உடைத்துப்போட்டது. பீட்டர் ஹென்றி எமர்சன் மருத்துவர், இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்புநில மக்களைப் படமெடுத்தவர். புகைப்படமும் ஓவியத்துக்கு இணையான கலைதான் என்று 1889இல் ஒரு புத்தகமே எழுதிச் சண்டைபோட்டவர். ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் சொன்னது, டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அடர்த்திகளுக்கு இடையிலுள்ள விகிதம் மாறாது என்று. எமர்சன் யோசித்தார். இந்த வெளிச்சத்தைக் கூட்டி அந்த நிழலைக் குறைக்க என் கையில் எதுவுமில்லை என்றால் நான் எப்படிக் கலைஞன்? அடுத்த ஆண்டே, தன் கொள்கை செத்துவிட்டது என்று கறுப்புக்கரை போட்ட சிறுநூலை வெளியிட்டார். ஓர் ஓவியரோடு நடந்த பேச்சும் காரணம் என்றார். ஆனால் விட்னஸ்காரர்களின் பெயரையும் சொல்லியே சொன்னார்.

எமர்சன் அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கோடு சொன்னது தகட்டின் இயல்பை. படம் தகட்டோடு முடிவதில்லை, தாளில்தான் முடிகிறது. தாளில் எந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி என்பதில் ஒரு கை நுழைய முடியும். முகத்தைக் கையால் மறைத்துச் சட்டைக்கு மட்டும் இன்னும் நாலு விநாடி காட்டலாம். எந்தச் சாம்பல்நிறம் இந்த முகத்துக்கு உரியது என்பதை எந்தக் கோடும் சொல்லித் தராது.

அந்தக் கை நுழைய வசதியான தாள் அதே காலத்தில்தான் பரவிக்கொண்டிருந்தது. ஜெலட்டின் புரோமைடு தாள் விளக்கொளியிலேயே சில விநாடிகளில் பதிந்துவிடும். 1893இல் லியோ பேக்லண்ட் கொண்டுவந்த வெலாக்ஸ் தாளை கேஸ் விளக்கில் அச்சிடலாம். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர் இரவில் வீட்டிலேயே படம் போடலாம் என்றானது. ஆனால் இந்தத் தாள்கள் எல்லாமே ஊமை, கழுவும்வரை எதையும் காட்டாது. கார்பன் அச்சுக்காரர்கள் சிலருக்கு மட்டும் இருந்த குருட்டுத்தனம் எல்லோருக்கும் பொதுவானது. அட்டை எல்லோர் கைக்கும் வந்தது இப்படித்தான். யார் முதலில் நகர்த்தினார் என்று தேடுவது, தோசையை முதலில் யார் திருப்பிப் போட்டார் என்று தேடுவது மாதிரி.

அமெரிக்காவின் கோடாக் பிறகு இதைக் கடைச்சரக்காகவும் விற்றது. ஒரு சிறிய பிலிம் துண்டில் வட்டம், அதில் கேக் வெட்டியது போலப் பத்துப் பங்கு, ஒவ்வொன்றிலும் ஓர் எண்: 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48. தாளின்மேல் வைத்து 60 விநாடி காட்டிக் கழுவ வேண்டும். எந்தப் பங்கு நன்றாக இருக்கிறதோ அதன் எண்தான் உங்கள் விநாடி. ஃபோகலின் தாள் அடுக்கு, விட்னஸின் சக்கரம் இரண்டும் ஒரு பிலிம் துண்டுக்குள் அடங்கிவிட்டன. எண்கள் ஒன்று விட்டு ஒன்று இரட்டிப்பாவதைக் கவனியுங்கள்.

வீட்டில் அட்டை வைத்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். 5, 10, 15, 20, 25 என்று ஐந்தைந்தாகக் கூட்டுவார்கள். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் ஒளி இரண்டு மடங்கு, இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் கால்பங்குதான் கூடுதல். கீற்றின் ஒரு முனையில் படி கிணறு மாதிரி தாவும், மறுமுனையில் எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரியும். நம் கண் கூட்டலை அறியாது, மடங்கைத்தான் அறியும். அதனால் முதலில் முழுக்கீற்றுக்கும் 4 விநாடி. ஒரு பகுதியை மூடி இன்னொரு 4. அடுத்ததையும் மூடி 8. அதற்கடுத்து 16. கிடைப்பது 4, 8, 16, 32. டைமர்கூட வேண்டாம், வாயால் எண்ணலாம். மெழுகுவத்தி முன் சுழன்ற சக்கரத்தின் கணக்கும் இதேதான்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒரு படி நெற்றியில் விழும், அடுத்தது சட்டைக் காலரில், மூன்றாவது சுவரில். நெற்றியையும் சுவரையும் ஒப்பிட்டு எதைத் தெரிந்துகொள்வது? அதற்கு இரண்டு அட்டை வேண்டும். கீழ் அட்டையில் கீற்று நுழைய ஒரு வாய்க்கால், மேல் அட்டையில் ஓர் அங்குல ஜன்னல். என்லார்ஜரின் சிவப்புக் கண்ணாடியைத் தள்ளிவிட்டால் தாளைக் கெடுக்காமல் படத்தைப் பார்க்கலாம். ஜன்னலுக்குள் முகம் விழுமாறு வைத்துவிட்டு, கீற்றை மட்டும் ஒவ்வோர் அங்குலமாக இழுத்து 4, 8, 16, 32 காட்டினால் ஒரே முகம் நான்கு நிறத்தில் வரிசையாகக் கிடைக்கும். பல்பைத் துண்டுதுண்டாக எரிக்காததால் அது சூடேறும் நேரம் கணக்கைக் கெடுக்காது. கோடாக்கின் வட்டம் வேண்டுமென்றால் அதையும் செய்யலாம்: டிரேசிங் தாளை ஃபோகல் மாதிரி அடுக்கி, எத்தனை அடுக்கு ஒளியைப் பாதியாக்குகிறது என்று ஒருமுறை சோதித்துக் குறித்துவைத்தால் ஆயிற்று.

கடையில் வாங்கியதைவிட வீட்டில் செய்தது நம் ஊருக்கு ஒத்துவரும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையேடுகள் டெவலப்பருக்கு 20 டிகிரி என்கின்றன. கோலாலம்பூரில் குழாயைத் திறந்தாலே 28 டிகிரிக்கு மேல். தாள் அடித்துப்பிடித்துக் கறுக்கும். தட்டில் ஐஸ் கட்டிப் பை மிதக்கவிட்டாலும் மூன்றாவது படத்துக்குள் பழைய சூடு வந்துவிடும். அதனால் கீற்றைக் கழுவியே ஆகவேண்டும், நேற்றைய எண் இன்றைக்கு உதவாது.

முகம் என்று சொன்னேன். மலாயாவில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1948இல் எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு படம், ஒரு கட்டைவிரல் ரேகை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் வாழ்க்கையில் எடுத்துக்கொண்ட முதல் படமாக இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான நெகட்டிவுகளைக் குறுகிய காலத்தில் அச்சிட வேண்டிய வேலை. ஒவ்வொரு முகத்துக்கும் தனிக்கீற்று போட்டுப் பார்க்க யாருக்கு நேரம்? ஒரு கட்டுக்கு ஒரே நேரம் என்று வைத்தால் தாள் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். வெள்ளைச்சட்டைக்குச் சரியான விநாடியில் கறுத்த முகம் மையாகிவிடும், கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். முகம் தெரிய வேண்டுமென்று நேரத்தைக் குறைத்தால் சட்டை காகிதத்தோடு காகிதமாகக் கரைந்துவிடும், முகமும் யாரோ ஒருவருடைய மாநிறத்துக்கு மாறிவிடும். கோட்டின் அடிப்பகுதியில், அது தயங்கும் இடத்தில், நெகட்டிவில் கறுத்த தோல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே விவரம் குறைவு. அதனால் நேரத்தில் ஒரு விநாடி தவறினாலும் இழப்பு அந்த முகத்துக்குத்தான் அதிகம்.

இதில் கொஞ்சம் கோபப்படவும் இடமிருக்கிறது. ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுப்பாகப் போட்டுத் தருவதை வாடிக்கையாளர்களே விரும்பினார்கள் என்பார்கள். உண்மைதான், பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கு நெகட்டிவில் பென்சில் வைத்துத் தீட்டாத ஸ்டூடியோ அபூர்வம். ஆனால் கல்யாணப் படத்துக்கு விரும்பியது வேறு, ஐ.சி. படத்துக்கு நேர்ந்தது வேறு. முன்னதில் ஆள் கேட்டார். பின்னதில் அவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்த ஆள் இறந்துபோவார். மாலை போட்டு மாட்ட வேறு படமே இருக்காது. பிள்ளைகள் ஐ.சி.யை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவார்கள். கட்டைவிரல் நகமளவு முகத்தை மறுபடி படமெடுத்து, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கித் தரவேண்டும். படத்தைப் படமெடுக்கும்போது கறுப்பு மேலும் கறுக்கும், வெளுப்பு மேலும் வெளுக்கும், நடுவில் இருந்த நிறங்கள்தான் முதலில் காணாமல்போகும். கன்னம், தாடை, கண்ணுக்குக் கீழுள்ள பள்ளம் எல்லாம் அந்த நடுநிறங்கள். இங்கே ஒரு நல்ல அச்சுக்காரர் என்ன செய்வார்? ஜன்னல் அட்டையை முகத்தின்மேல் வைத்து நாலைந்து படி போட்டுப் பார்ப்பார். அவற்றைப் பையனிடம் காட்டி, ‘அப்பா எந்த நிறம்பா?’ என்று கேட்டிருந்தால் இன்னும் நன்று. இறந்தவரைத் தெரிந்தவர் கடையில் நிற்கும் ஒரே தருணம் அது. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்பவர் அன்றைக்குத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு படியின் நிறத்தில்தான் இருப்பார்.

கேட்டாலும், ஈரக்கீற்றைக் காட்டிக் கேட்கக் கூடாது. புகைப்படத்தாள் ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று வெளிச்சமாகத் தெரியும், காய்ந்தால் ஒரு பூச்சு கறுத்துவிடும். மையாகிப்போன தாத்தாக்களில் சிலர், சிவப்பு விளக்கடியில் ஈரமாகப் பார்த்தபோது சரியாகவே இருந்திருப்பார்கள். அதனால் கீற்றை வெளியே கொண்டுவந்து, துடைத்து, விசிறிக் காற்றில் காயவைத்து, வீட்டில் படம் மாட்டப்போகும் சுவரில் எவ்வளவு வெளிச்சம் இருக்குமோ அவ்வளவு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 16க்கும் 32க்கும் நடுவில் எங்கோ என்று தோன்றினால் இன்னொரு கீற்றை வெட்டி, 16, 19, 23, 27 என்று சின்னச்சின்ன மடங்காகக் காட்டலாம். பார்த்து முடித்த கீற்றுகள் குப்பைக்கூடைக்குப் போகும். அன்றைய இரவில் தொட்டிக்கடியில் கிடக்கும் அந்த மற்ற முகங்களை, கொஞ்சம் வெளுத்ததும் கொஞ்சம் கறுத்ததுமாக, மறுநாள் காலையில் கூட்டி அள்ளிவிடுவார்கள்.